கவனிப்புப் பிரிவு

தூக்கம் என்பது அந்த ஊரில் அதுவரை யாரையும் கேட்டுக்கொண்டு செய்கிற காரியமாக இருந்ததில்லை. வந்தால் தூங்குவார்கள், வராவிட்டால் புரள்வார்கள், விடிந்ததும் எழுந்து வேலையைப் பார்ப்பார்கள். இப்படித் தான்தோன்றித்தனமாக நடந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்காக, முதியோர் உறக்கம் மற்றும் இதய நல ஆய்வு நிறுவனம் ஒரு வெள்ளை வண்டியில் வந்து இறங்கியது. வண்டியின் இரண்டு பக்கமும் 'உங்கள் இதயம் எங்கள் பொறுப்பு' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. பின்கதவில் 'கை வைக்காதீர்' என்று எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மோட்டார்க்காரருக்கும் தோன்றவில்லை. அவருக்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்திரண்டு வருடம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு நிறுத்தியவர். சத்தம் ஒரு நூல் மாறினால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் அவரை விடவில்லை. அவர் மனைவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மோட்டாரம்மா ஆக்கிவிட்டது.

அந்த மோட்டாரம்மாவின் மூச்சுச் சத்தம் இரண்டு மாதமாக மாறியிருந்தது. தெருமுனைக் கடைக்குப் போய்வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு தலையணைக்கு இரண்டாக வைத்துக்கொண்டாள். நகரத்தில் இருக்கும் மகள் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று. மோட்டார் சத்தம் மாறினால் அந்த நிமிடமே நிறுத்திப் பிரித்துப் பார்க்கிற மனிதர், இதற்கு மட்டும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அவருக்குப் பயம். அதனால்தான் ஆஸ்பத்திரியே ஊரைத் தேடி வந்ததும் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

தொடக்கக் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. இயக்குநர் நல்ல வாட்டசாட்டமானவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்.

"பெரியோர்களே! நீங்கள் தூங்குகிறீர்கள். மறுக்கவில்லை. ஆனால் முறையாகத் தூங்குகிறீர்களா? உங்கள் தூக்கத்துக்கும் உங்கள் இதயத்துக்கும் என்ன உறவு என்று இதுவரை யாராவது உங்களிடம் கேட்டார்களா? நாங்கள் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்! உங்கள் தூக்கத்துக்காக நான் ஆறு வருடமாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிவருகிறேன். அதனால் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அதைப் பெரிய தியாகம் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்கிறார்கள்."

இந்த இடத்தில் முன்வரிசையில் ஏழு பெரியவர்கள் தூங்கிவிட்டார்கள். கருவிகள் இன்னும் பெட்டியிலேயே இருந்ததால் அந்த ஏழு தூக்கமும் பதிவாகாமல் வீணாகப் போயிற்று. துணை இயக்குநர் அதற்காகப் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

அதன் பிறகு உறக்க உறுதிமொழி. எல்லோரும் எழுந்து நின்று, இடது மார்பில் வலது கையை வைத்து, 'உரிய நேரத்தில், உரிய இடத்தில், உரிய நிலையில் உறங்குவேன்' என்று உரத்த குரலில் மூன்று முறை சொன்னார்கள். மூன்றாவது முறைக்குள் மோட்டாரம்மா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் சீட்டுக் குலுக்கல். வீட்டுக்கு ஒரு பெரியவர் பெயருக்கு ஒரு சீட்டு. "சீட்டில் இரண்டு பிரிவு இருக்கிறது" என்று இயக்குநர் விளக்கினார். "செயல் பிரிவில் வருபவர்கள் செயலுக்கு உட்படுத்தப்படுவார்கள். கவனிப்புப் பிரிவில் வருபவர்கள் ஒரு வருடம் முழுக்க, வாரம் தவறாமல், மிக நெருக்கமாகக் கவனிக்கப்படுவார்கள். எது யாருக்கு என்பதைத் தற்செயல்தான் தீர்மானிக்கும். இந்தத் தற்செயல்தான் எங்கள் நிறுவனத்தின் கற்பு!"

மோட்டார்க்காரர் டப்பாவுக்குள் கைவிட்டு, மனைவி பெயருக்கு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். 'செயல்' என்றிருந்தது. அவருக்கு மனசு தொய்ந்துபோயிற்று. பக்கத்தில் எதிர்வீட்டுத் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். இருபது வருடச் சிநேகிதர்.

"உனக்கு என்னய்யா வந்திருக்கு?"

"வீட்டுக்காரி பேருக்கு எடுத்தேன். கவனிப்புன்னு போட்டிருக்கு."

"எனக்கு செயல். இவளால தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர முடியல. இவளைப் போய்ச் செயல்ல போட்டா என்னய்யா செய்வா? உன் வீட்டம்மா திடமா இருக்காங்க. நாலு வேலை சேர்த்துச் சொன்னாலும் செய்வாங்க."

தையல்காரர் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன, இந்தா. சீட்டுதானே, சொத்தா?"

பெஞ்சுக்கு அடியில் இரண்டு சீட்டும் கைமாறின. யாரும் பார்க்கவில்லை. நெரிசலான பஸ்ஸில் மனைவிக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தவரைப் போல மோட்டார்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டார். "கேட்டாலும் கிடைக்காத இடம்மா. கவனிப்புப் பிரிவு. ஒரு வருஷம்."

"கவனிப்புன்னா என்னப்பா பண்ணுவாங்க?"

"இது என்ன கேள்வி? கவனிப்பாங்க."

மோட்டாரம்மாவின் மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒரு கறுப்புப் பட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் மணி காட்டாது. அவள் புரள்வதையும் விழிப்பதையும் அது தனக்குள் எழுதிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலையில், நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்து எண்பத்துநான்கு கேள்வி கேட்பாள். வியாழக்கிழமை தவறாமல் வந்ததால் அவளுக்கு வியாழக்கிழமை என்றே பெயராகிவிட்டது. நல்ல பெண். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் "சரிங்கம்மா" என்பாள்.

"போன வாரம் எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்கம்மா?"

"ரெண்டு."

"படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குச்சா? எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்லை."

"படிக்கட்டுப் பக்கமே போகலம்மா."

"அப்ப 'இல்லவே இல்லை' போட்டுக்கிறேன்."

மோட்டாரம்மாவுக்கு அவள் வந்துபோவது பிடித்திருந்தது. "நாப்பத்தஞ்சு வருஷத்துல நீங்க என்கிட்ட இத்தனை கேள்வி கேட்டதில்ல" என்று கணவரிடம் சொன்னாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார், நிறுவனத்துக்கு.

எதிர்வீட்டில் நடந்த கூத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போயிற்று. மாதம் ஒருமுறை டாக்டர் வந்து தையல்காரர் மனைவியின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். உப்பைக் குறை என்றார்கள். காலையில் நட என்றார்கள். பச்சை ஓரம் போட்ட அட்டையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அந்த அம்மாள் தினமும் காலை வாசற்படியில் நின்று, அட்டையைக் கிழித்து, மாத்திரையை வாயில் போட்டு, வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள். மோட்டார்க்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை ரசிப்பார்.

"என்னய்யா, உன் வீட்டுல இன்னைக்கும் செயலா?"

"அதை ஏன் கேக்குற" என்பார் தையல்காரர். "உப்பில்லாச் சாப்பாடு. எனக்கும் சேர்த்து."

"எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல. கேள்வியோட சரி."

இதற்கிடையில் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. கவனிப்புப் பிரிவில் எல்லோரும் விடியற்காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழிப்பதாகப் பட்டைகள் காட்டின. காரணம் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டு, சேவல்தான் காரணம் என்று நான்கு மாதத்தில் கண்டுபிடித்தது. சேவல்களுக்கும் பட்டை மாட்டலாமா என்று விவாதித்தார்கள். ஒரு சேவலைப் பிடித்து மாட்டியும் பார்த்தார்கள். அது அன்றிலிருந்து கூவுவதை நிறுத்திவிட்டதால், பட்டை மாட்டினால் ஆரோக்கியமான உறக்கம் வரும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

அப்புறம் மதியத் தூக்கச் சரிபார்ப்பு. தூங்குவதாகப் பட்டை காட்டுகிறவர்கள் உண்மையிலேயே தூங்குகிறார்களா என்று பார்க்க, இரண்டு அதிகாரிகள் மதியம் இரண்டு மணிக்கு வீடு வீடாக வந்தார்கள். மோட்டாரம்மா அப்போதுதான் அப்பாடா என்று கண்ணயர்ந்திருந்தாள். ஒருவர் அவள் தோளைத் தட்டினார்.

"அம்மா, தூங்குறீங்களா?"

"தூங்கிட்டிருந்தேன்யா."

"இப்ப?"

"இப்ப இல்ல."

அவர் 'விழிப்பு' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஐந்தாவது மாதத்தில் தலையணை மூன்றாயிற்று. ஏழாவது மாதத்தில் நான்கு. எட்டாவது மாதத்தில் அவளால் படுக்கவே முடியவில்லை. மர நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் தலை சாய்த்து, அப்படியே தூங்கினாள். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகமாட்டேன் என்றன. அந்த வியாழக்கிழமை டேப்லெட் மக்கர் செய்தது. தலையணைக் கேள்விக்கு நாலுக்கு மேல் அதில் இடமில்லை. 'எந்த நிலையில் உறங்கினீர்கள்' என்ற கேள்விக்கு மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று மூன்று பதில்தான் இருந்தது. உட்கார்ந்து என்பது இல்லை.

"இப்ப என்னம்மா பண்றது?" என்று மோட்டார்க்காரர் கவலையோடு கேட்டார். மனைவியை என்ன பண்ணுவது என்றுதான் கேட்டார்.

"ஆபீஸ்ல கேக்கணுங்க" என்றாள் வியாழக்கிழமை. அவள் டேப்லெட்டைச் சொன்னாள்.

ஆபீஸ் அசட்டையாக இருக்கவில்லை. மூன்றே நாளில் துணை இயக்குநர் வியாழக்கிழமையையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். டேப் எடுத்து நாற்காலியின் உயரத்தையும், முதுகுச் சாய்வையும், ஜன்னல் விளிம்புக்கும் தலைக்கும் உள்ள தூரத்தையும் அளந்தார். நாற்காலியை நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார். மோட்டார்க்காரர் பின்னாலேயே நின்று, மனைவியின் காலைக் காட்டினார்.

"சார், இங்க பாருங்க. விரலால அமுக்கினா குழி விழுந்து அப்படியே நிக்குது."

துணை இயக்குநர் குனிந்து தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "ஆமாம். ரொம்பத் தெளிவா நிக்குது" என்றார் மனம் நிறைந்து. "இவ்வளவு தெளிவா நான் பார்த்ததில்ல. போட்டோ எடுத்துக்கோம்மா."

"படுத்தா ஏன் சார் மூச்சு முட்டுது?"

"நல்ல கேள்வி." அவர் வியாழக்கிழமையிடம் திரும்பினார். "பதிவு பண்ணிக்கோ."

அவர் வண்டியில் ஏறிய பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வியாழக்கிழமையை மோட்டார்க்காரர் வாசலில் மறித்தார். "நீயாவது சொல்லும்மா. நாங்க என்ன செய்யணும்?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதுங்கய்யா. கவனிப்புப் பிரிவுல யோசனை சொன்னா மாசு ஆயிரும்."

"மாசுன்னா தூசியா?"

"இல்லங்க. ஆய்வு கெட்டுப்போயிரும்." தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அய்யா, உங்க மக எப்ப வருவாங்க?"

"அவளுக்கென்ன இப்ப?"

"சும்மா கேட்டேங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மகள் அடுத்த வாரமே கார் பிடித்து வந்தாள். அம்மாவின் காலைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கிளம்புங்க" என்றாள். மோட்டார்க்காரர் குறுக்கே நின்றார். வெளியில் வைத்தியம் பார்த்தால் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும் என்று ஒப்புதல் படிவத்தில் பதினேழாவது வரியில் இருந்தது. அவர் அதைப் படித்திருந்தார். அதை மட்டும்தான் படித்திருந்தார்.

"முக்கால் கிணறு தாண்டியாச்சு. இப்பப் போய்ப் பேரை அடிக்க விடச் சொல்றியா?"

"அப்பா, எட்டு மாசமா அவங்க எழுதிக்கிட்டுதான் இருக்காங்க!"

"எழுதாம எப்படிம்மா வைத்தியம் பண்ணுவாங்க? துணை இயக்குநரே வந்து காலைத் தொட்டுப் பாத்துட்டுப் போயிருக்காரு."

"அம்மா, நீ சொல்லும்மா."

மோட்டாரம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா விசாரிக்காம எதுலயும் இறங்க மாட்டாருடி" என்றாள். மகள் தெருவில் நின்று அழுதுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அம்மாவிடம்தான் போனில் பேசினாள்.

ஒரு வருடம் முடிந்து நிறைவு விழா வந்தது. அதே பள்ளிக்கூட ஹால். மேலிடத்திலிருந்து மூன்று விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மோட்டாரம்மாவை மர நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நாற்காலியும் ஆய்வில் சேர்த்திதான் என்று துணை இயக்குநர் சொன்னார். மோட்டார்க்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். இன்றைக்குத்தான் வைத்தியத்தை அறிவிப்பார்கள் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. அவளிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! வென்றுவிட்டோம். செயல் பிரிவில் மாத்திரை, நடை, உப்புக் குறைப்பு. அவர்கள் இதயம் தேறியிருக்கிறது, தூக்கம் தேறியிருக்கிறது. ஆனால் தேறியது என்று எதை வைத்துச் சொல்வது? தேறாதவர்கள் வேண்டாமா? அங்கேதான் நான் கவனிப்புப் பிரிவை வணங்குகிறேன். இவர்கள் மட்டும் மோசமாகியிருக்காவிட்டால் நாம் எங்கே போய் நின்றிருப்போம்?"

பின்னால் திரையில் ஒரு படம் விழுந்தது. படிக்கட்டு மாதிரி ஏறிப்போகிற ஒரு கோடு.

"இது முன்வரிசையில் இருக்கிற அம்மாவின் தலையணை வரைபடம். இரண்டு, மூன்று, நான்கு, நாற்காலி! எவ்வளவு சீராக ஏறுகிறது பாருங்கள். ஒரு வாரம்கூட விடுபடவில்லை. ஒரு வருடம் முழுக்க இவருக்கு ஒரு மாத்திரை கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை யோசனை சொல்லவில்லை. கை நீட்டத் தோன்றும், நாமும் மனிதர்கள்தானே! ஆனால் எங்கள் ஊழியர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கைதட்டல்!"

ஹால் கைதட்டியது. மோட்டார்க்காரரின் கையும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. துணை இயக்குநர் வந்து, கவனிப்புப் பிரிவின் சார்பில் மோட்டாரம்மா மடியில் ஒரு புதுத் தலையணையைப் பரிசாக வைத்தார்.

மோட்டார்க்காரருக்கு முதலில் கோபம் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. மோட்டார் ரூமில் திடீரென்று கரண்டு போனால் வருகிற அமைதி மாதிரி இருந்தது. தன் தலையெழுத்தை யாரோ மாற்றி எழுதினார்கள் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். இது அவளுடைய தலையெழுத்து, எழுதியது அவர் கை. அவர் மேடையேறி மைக் அருகில் போய் நின்றார்.

"அய்யா, ஒரு வருஷமா ஏமாத்திட்டீங்களே! கவனிப்புன்னா நல்லாப் பாத்துக்கிறதுன்னு நினைச்சேன்யா."

"பாத்துக்கிட்டேதானே இருந்தோம்?" என்றார் இயக்குநர் நிஜமான ஆச்சரியத்தோடு. "ஏமாத்தினோம்னு எப்படிச் சொல்றீங்க? வாரம் தவறினோமா?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறக்கும்போது கீழே மனைவி மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மோட்டாரம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்திருந்தாள். முகம் சாம்பலாகி, முத்து முத்தாக வேர்த்து, உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு தண்ணீரில்லாத குழாய் மாதிரி இரைந்தது.

"வண்டியை எடுங்கய்யா! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்!"

இயக்குநர் சங்கடப்பட்டார். "வண்டி செயல் பிரிவுக்கு ஒதுக்கினது. கவனிப்புப் பிரிவுல நாம தலையிட்டா..."

"அப்ப இவளும் செயல் பிரிவுதான்! சீட்டு அவ பேருக்குச் செயல்னுதான் வந்துச்சு. நான்தான் மாத்தினேன்!"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது. பின்வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "ஆமாங்க" என்றார். "பெஞ்சுக்கு அடியில மாத்திக்கிட்டோம். என் வீட்டுக்காரி தின்னதெல்லாம் இந்த அம்மாவுக்கு வந்த மாத்திரைங்க."

ஒரு வருடத்தில் முதல் தடவையாக நிறுவனம் ஓடியது. கதவைச் சாத்தச் சொன்னார்கள். மைக்கைப் பிடுங்கினார்கள். விருந்தினர்களை டீ குடிக்க அழைத்துப் போனார்கள். ஒரு டாக்டர் இயக்குநரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "தற்செயல் போச்சே, தற்செயல் போச்சே" என்று இயக்குநர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் தட்டச்சு செய்த காகிதம் ஒன்று வந்தது. 'சீட்டு எதுவும் மாற்றப்படவில்லை. சொன்னது முதுமையாலும் தூக்கமின்மையாலும் ஏற்பட்ட மனக்குழப்பம்' என்று அதில் எழுதியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் துணை இயக்குநர்.

"வண்டியை எடுங்க, போடுறேன்."

"முதல்ல கையெழுத்து. வண்டிக்கு அனுமதி வாங்கணும்ல?"

மோட்டார்க்காரர் மனைவியைப் பார்த்தார். பொய்யா நிஜமா என்று பார்க்க நேரமில்லை. அவள் மடியிலிருந்த புதுத் தலையணையின் மேல் காகிதத்தை வைத்து, எழுத்து நெளிய நெளியக் கையெழுத்துப் போட்டார். ஆய்வு காப்பாற்றப்பட்டது. அப்போதும் அனுமதிக்காக யாரோ யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்கள். வியாழக்கிழமைதான் டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய், 'கை வைக்காதீர்' என்று எழுதியிருந்த கதவில் கைவைத்துத் திறந்தாள். "தூக்கிட்டு வாங்கய்யா" என்று கத்தினாள். தையல்காரர் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

வழியிலேயே போன் போட்டுச் சொல்லியிருந்ததால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மகள் நின்றிருந்தாள். அப்பாவைத் தாண்டி அம்மாவிடம் போனாள். உள்ளே ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, முதுகுப் பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்த்த பிறகு மோட்டாரம்மாவின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு பெண் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். அந்த முகத்தை மோட்டார்க்காரருக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டவர்களின் முகம் அது.

"எப்பலருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

வியாழக்கிழமை டேப்லெட்டை நீட்டினாள். டாக்டர் வாரம் வாரமாகத் தள்ளிப் படித்தார். தலையணை, மூச்சு, கால் வீக்கம், குழி விழுந்த போட்டோ. எல்லாம் தேதியோடு இருந்தது.

"இவ்வளவு ஒழுங்கா எழுதின கேஸ் ஷீட்டை நான் பாத்ததே இல்ல. மூணாவது மாசம் வந்திருந்தா மாத்திரையிலயே பிடிச்சிருக்கலாம். இப்ப இதயம் பாதிக்கு மேல களைச்சுப்போச்சு. இனி மாத்திரை தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பழையபடி ஆக்காது." டாக்டர் நிமிர்ந்து மோட்டார்க்காரரைப் பார்த்தார். "கூடவே இருந்திருக்கீங்க. ஒருத்தருமே கவனிக்கலையா?"

மகள் அப்போதுதான் அப்பாவை நேராகப் பார்த்தாள். வியாழக்கிழமை தலையைக் குனிந்துகொண்டாள்.

மோட்டாரம்மா காற்றுக் குழாயைக் கொஞ்சம் விலக்கினாள். "கவனிச்சாங்கம்மா" என்றாள். "கவனிப்புல மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது."

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் நர்ஸ் ஒரு சின்ன உறையைக் கொண்டுவந்து மோட்டார்க்காரர் கையில் கொடுத்தாள். காலையில் ஒன்று என்றும், தவறவே கூடாது என்றும் சொன்னாள். அவர் உறையைப் பிரித்தார். உள்ளே பச்சை ஓரம் போட்ட அட்டை இருந்தது.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? கசக்குமா?" என்று மோட்டாரம்மா கேட்டாள்.

"கசக்கும்" என்றார் அவர்.

அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாகத் தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதை அவரும் கவனித்திருக்கிறார்.